ஈஸ்டர் விடுமுறைக்கு சவானாவா, சார்ல்ஸ்டனா: தம்பதியருக்கான ஓர் ஒப்பீடு

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய நகரம் ஒன்றில் ஈஸ்டர் விடுமுறையைக் கழிக்கலாம் என்று நினைக்கும் கணவன் மனைவிக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்களே முதலில் தோன்றும். ஒன்று ஜார்ஜியாவின் சவானா, மற்றொன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 110 மைல் தொலைவு, இரண்டு மணி நேரப் பயணம். இரண்டிலும் பாசி தொங்கும் ஓக் மரங்களும், இரும்பு வேலைப்பாடுள்ள மாடி முகப்புகளும், பழமையான தேவாலயங்களும் உள்ளன. படங்களை மட்டும் பார்த்தால் எந்த நகரம் எது என்று பிரித்தறிவதே கடினம். ஆனால் அங்கே சென்று தங்கி, நடந்து, உண்டு, மூன்று நாட்களை இருவரும் சேர்ந்து கழிக்கும்போது இவ்விரு நகரங்களும் தரும் அனுபவம் வெவ்வேறானது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறையாகச் செல்பவர்கள், கையில் மூன்று இரவுகள் மட்டுமே உள்ளவர்கள், ஓய்வையே முதன்மையாக நாடுபவர்கள் சவானாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நான்கு இரவுகளுக்கு மேல் தங்க முடிந்தவர்களும், தோட்டங்களிலும் உணவிலும் வரலாற்றிலும் ஆழ்ந்த நாட்டம் உள்ளவர்களும், ஈஸ்டர் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு வரும் ஆண்டில் செல்பவர்களும் சார்ல்ஸ்டனை நாடலாம். புனித வெள்ளி அமெரிக்காவில் நடுவண் அரசு விடுமுறை அன்று; பெரும்பாலான தனியார் அலுவலகங்கள் அன்றும் இயங்குகின்றன. எனவே வெள்ளி, திங்கள் என இரண்டு நாள் விடுப்பு எடுத்து, வெள்ளி காலை புறப்பட்டுத் திங்கள் மாலை திரும்பும் பயணத்தையே இங்கே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

நகரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் ஈஸ்டர் தேதியைப் பார்க்க வேண்டும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பதால், அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2027இல் மார்ச் 28 அன்றும் 2028இல் ஏப்ரல் 16 அன்றும் வருகிறது. இந்த மூன்று வார வேறுபாடு தென்கடற்கரையில் மிகப் பெரியது. இவ்விரு நகரங்களுக்கும் வசந்தகாலப் புகழைத் தேடித் தந்த அசேலியா மலர்கள் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையே உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் 16 அன்று சென்றால் அவற்றில் பெரும்பகுதி உதிர்ந்திருக்கும். அப்போது சார்ல்ஸ்டனுக்கு ஒரு சாதகம் உண்டு. அங்குள்ள பழைய வீடுகளின் மதில்களிலும் வாயில்களிலும் படர்ந்திருக்கும் நட்சத்திர மல்லிகைக் கொடிகள் ஏப்ரலில்தான் பூக்கின்றன. மாலையில் குறுகிய சந்துகளில் நடக்கும்போது மல்லிகை மணம் கூடவே வரும். மார்ச் இறுதியில் வரும் ஈஸ்டருக்கோ சவானாவின் ஃபோர்சைத் பூங்காவும் அதைச் சுற்றிய சதுக்கங்களும் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் நிறைந்திருக்கும். அதைக் காண நுழைவுச்சீட்டும் வேண்டாம், காரும் வேண்டாம்.

சவானாவின் சிறப்பு அதன் அமைப்பு. ஜேம்ஸ் ஓகில்தோர்ப் 1733 பிப்ரவரியில், யமக்ரா மக்களின் தலைவர் டோமோசிசியின் இசைவோடு ஆற்றங்கரை மேட்டில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, நகரம் வளரும் விதத்தையும் சேர்த்தே வகுத்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு திறந்தவெளிச் சதுக்கம்; அதன் கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம் போன்ற பொதுக் கட்டடங்கள்; வடக்கிலும் தெற்கிலும் குடியிருப்புகள். நகரம் பெருகப் பெருக இதே வடிவத்தை மீண்டும் மீண்டும் அமைத்தார்கள். அப்படி உருவான 24 சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. ஆற்றங்கரை அருகிலுள்ள நகர மன்றத்திலிருந்து புல் தெருவில் தெற்கே நடந்தால் ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டரே என்று ஐந்து சதுக்கங்களைக் கடந்து, 1858இல் நிறுவிய நீரூற்றோடு விளங்கும் ஃபோர்சைத் பூங்காவை அடையலாம். மொத்தத் தொலைவு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை நிழலும் இருக்கையும் வந்துகொண்டே இருக்கும்.

இருவராகச் செல்பவர்களுக்கு இந்த அமைப்பு செய்யும் உதவி பெரிது. ஒருவருக்குக் கால் வலித்தால் உட்காரலாம். மற்றவர் எதிரிலிருக்கும் பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். எங்கே செல்வது, எத்தனை மணிக்குச் செல்வது என்ற விவாதமே எழாமல் ஒரு முழுப் பகல் கழியும். விடுமுறையில் கணவன் மனைவிக்கிடையே எழும் சச்சரவுகளில் பாதி நேர அட்டவணையைப் பற்றியதாகவே இருக்கிறது என்பதால், அட்டவணை தேவைப்படாத நகரம் ஒன்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கால் ஓய்ந்துவிட்டால் பழைய நகருக்குள் கட்டணமில்லாப் பேருந்தும், ஆற்றைக் கடக்கக் கட்டணமில்லாப் படகும் உண்டு.

இந்த அழகு தானாகவே நிலைத்ததன்று. 1954இல் எல்லிஸ் சதுக்கத்திலிருந்த பழைய சந்தைக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். அதற்கு அடுத்ததாக டேவன்போர்ட் இல்லத்தையும் இடிக்கவிருந்த நிலையில், 1955இல் ஏழு பெண்கள் முன்னின்று சவானா வரலாற்று அறக்கட்டளையைத் தொடங்கி அவ்வீட்டை மீட்டார்கள். இடிபட்ட சதுக்கமும், கார் நிறுத்துமிடம் நிலத்தடிக்குச் சென்றபின், 2010இல் மீண்டும் திறந்தவெளியானது. டேவன்போர்ட் இல்லத்தை இன்று அருங்காட்சியகமாகக் காணலாம்; சவானாவில் ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் செல்ல நேரமிருந்தால் அதை அல்லது டெல்ஃபேர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலுள்ள ஓவன்ஸ்–தாமஸ் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைப்பேன். பின்னதில் எசமானர் வாழ்ந்த மாளிகையையும் அடிமைகள் வாழ்ந்த பின்கட்டையும் ஒரே கதையாகச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சார்ல்ஸ்டன் இதைவிட மூத்தது, செல்வமிக்கது, பொருளடர்த்தி மிகுந்தது. 1670இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் தொடங்கிய குடியேற்றம், 1680 வாக்கில் ஆஷ்லி, கூப்பர் ஆறுகளுக்கு இடைப்பட்ட இன்றைய தீபகற்பத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய கட்டடங்களைக் காக்க நகரின் ஒரு பகுதியை வரலாற்று வட்டாரமாக அறிவித்துச் சட்டமியற்றிய முதல் அமெரிக்க நகரம் இதுவே, ஆண்டு 1931. இங்குள்ள வீடுகளின் அமைப்பைக் கவனிக்காமல் திரும்பக்கூடாது. ஓர் அறை அகலம் மட்டுமே கொண்ட வீடு, தெருவுக்குத் தன் ஒடுங்கிய பக்கத்தைக் காட்டி நிற்கும். நீண்ட தாழ்வாரம் பக்கவாட்டில் தெற்கையோ மேற்கையோ நோக்கிக் கடற்காற்றை வாங்கிக்கொள்ளும். தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் செல்லமாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் செல்வோம். சுவர்களில் ஆங்காங்கே தெரியும் வட்டமான இரும்புத் தகடுகள், 1886 ஆகஸ்ட் 31 அன்று நகரைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்துடன் தொடர்புடையவை. சுவர்களை இழுத்துப் பிடிக்கச் செலுத்திய நீண்ட கம்பிகளின் முனைகள் அவை.

மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை, தனியார் வீடுகளையும் அவற்றின் உள்தோட்டங்களையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் சுற்றுலாவை 1947 முதல் சார்ல்ஸ்டன் வரலாற்று அறக்கட்டளை நடத்திவருகிறது. ஈஸ்டர் பயணிக்கு இது மிகப் பெரிய ஈர்ப்பு. மற்ற காலங்களில் வாயிற்கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டிய தோட்டங்களுக்குள் அப்போது நடந்து செல்லலாம். சவானாவிலும் 1935 முதல் இத்தகைய வசந்தகால வீட்டுச் சுற்றுலா உண்டு. ஆனால் தோட்டக் கலையில் சார்ல்ஸ்டனே முந்தி நிற்கிறது என்பது என் துணிபு. அங்கிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில், ஆஷ்லி ஆற்றுச் சாலையில் அமைந்த மிடில்டன் பிளேஸ் தோட்டத்தை 1741இல் ஹென்றி மிடில்டன் தொடங்கினார். வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளின் வடிவில் எதிரெதிராக வெட்டிய இரு குளங்களும், அவற்றுக்குச் சரிந்திறங்கும் புல்படிகளும் கணித ஒழுங்கு கொண்டவை. அதே சாலையிலுள்ள மேக்னோலியா தோட்டம் நேர்மாறானது: 1870 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அத்தோட்டத்தில் அசேலியாப் புதர்கள் கறுத்த நீரின்மேல் தம் போக்கில் கவிந்து நிற்கும். ஒன்றை மட்டும் காண முடியுமானால், மார்ச் இறுதியில் மேக்னோலியாவையும் ஏப்ரல் நடுவில் மிடில்டனையும் தேர்ந்தெடுங்கள்.

இந்தத் தோட்டங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் குளங்களை வெட்டியவர்களும் அந்தப் புல்படிகளைச் செதுக்கியவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். இந்தச் செல்வம் முழுவதற்கும் அடிப்படை நெல். சதுப்பு நிலங்களை வரப்பெடுத்து, கடல் ஏற்ற இறக்கத்துக்கேற்ப மதகுகளைத் திறந்து மூடி நெல் விளைவித்த அறிவில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுடையது. நெல்லோடு வாழ்ந்த நாட்டிலிருந்து வரும் நமக்கு அந்த வயல்களின் எச்சங்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே பேசும். எனவே தோட்டத்தைப் படமெடுப்பதற்கான பின்னணியாக மட்டும் கருதாமல், அங்கே நடக்கும் அடிமை வரலாற்று விளக்கத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2023 ஜூனில் காட்ஸ்டன் துறையில் திறக்கப்பட்ட பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற அதே நிலத்தில் நிற்கிறது. சார்ல்ஸ்டனுக்குச் செல்லும் எவரும் அதைத் தவிர்க்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சவானாவும் இந்த வரலாற்றுக்கு விலக்கன்று. ஜார்ஜியாவில் தொடக்கத்தில் அடிமை முறைக்குத் தடை இருந்தது, 1751இல் அது நீங்கியது. 1859 மார்ச்சில் நகருக்கு அருகே இரண்டே நாட்களில் 436 பேரை ஏலத்தில் விற்றார்கள்.

ஈஸ்டரைத் திருநாளாகக் கொண்டாட விரும்பும் கிறித்தவத் தம்பதியர் எந்த நகரத்திலும் ஏமாற்றமடைய மாட்டார்கள். சார்ல்ஸ்டனில் 1752க்கும் 1761க்கும் இடையில் கட்டிய புனித மிக்கேல் ஆலயத்தின் மணிகளுக்குத் தனிக் கதை உண்டு. 1764இல் லண்டனில் வார்த்த அம்மணிகளை விடுதலைப் போரின்போது ஆங்கிலேயர் எடுத்துச் சென்றார்கள். அவை திரும்பி வந்தன. உள்நாட்டுப் போரில் தீயில் சிதைந்தன. மீண்டும் லண்டனுக்கே அனுப்பி மறுவார்ப்புச் செய்து கொண்டுவந்தார்கள். கல்ஹவுன் தெருவிலுள்ள இம்மானுவேல் ஆலயமோ கறுப்பின மக்களின் உறுதியின் அடையாளம். 2015 ஜூன் 17 அன்று வேதபாட வகுப்பில் ஒன்பது பேர் சுட்டுக்கொல்லப்பட்ட இடம். அங்கே சென்றால் வழிபாட்டுக்காக மட்டுமே செல்ல வேண்டும்.

சவானாவில் லஃபாயெட் சதுக்கத்தையொட்டிய புனித யோவான் பேராலயம், 1898 தீ விபத்துக்குப் பின் மீண்டெழுந்தது. அதன் வண்ணக் கண்ணாடிகள் வழியாகக் காலை வெளிச்சம் விழும்போது உள்ளே அமர்ந்திருப்பது, நம்பிக்கை எதுவாயினும், நிறைவைத் தரும். ஜான்சன் சதுக்கத்திலுள்ள கிறிஸ்து ஆலயச் சபையில் 1736–37இல் ஜான் வெஸ்லி குருவாகப் பணியாற்றினார். தமிழ்க் கிறித்தவர்களுக்கு இன்னோர் இடமும் பொருளுடையது. சவானாவிலிருந்து ஆற்றின் மேற்புறமாகச் சுமார் 25 மைல் தொலைவில் எபெனேசர் என்ற ஊர் இருந்தது. மத நெருக்கடியால் சால்ஸ்பர்கிலிருந்து வெளியேறிய லுத்தரன்கள் 1734இல் வந்து அமைத்த குடியேற்றம் அது. அவர்களுடைய போதகர்களான போல்சியஸ், குரோனாவ் இருவரும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தவர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பயின்றதும் அதே ஹாலேயில்தான். 1760களின் இறுதியில் கட்டிய செங்கல் ஆலயம் இன்றும் அங்கே வழிபாட்டில் உள்ளது. சனிக்கிழமை பிற்பகலில் சென்று வர ஏற்றது.

உணவில் சார்ல்ஸ்டன் முன்னிலை வகிக்கிறது. இறால் சேர்த்த சோளக்களி, நண்டு முட்டை சேர்த்த கெட்டியான சூப், தக்காளியில் வேகவைத்த சிவப்புச் சோறு ஆகியவற்றைத் தேர்ந்த கைகளால் ஆக்கித் தரும் உணவகங்கள் அங்கே நெருங்கி அமைந்துள்ளன. சவானாவிலும் இவையெல்லாம் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும்; தேர்வு மட்டும் குறைவு. சைவ உணவு உண்பவர்கள் இரு நகரங்களிலும் ஒரே எச்சரிக்கையைக் கடைப்பிடிக்க வேண்டும். கீரை மசியலிலும், பயறு சேர்த்த சோற்றிலும், சிவப்புச் சோற்றிலும் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பது அங்கே வழக்கம். உணவுப் பட்டியலில் அது குறிப்பிடப்படாமலும் இருக்கலாம். கேட்டுத் தெளிந்த பிறகே சொல்லுங்கள்.

செலவில் சவானாவே பொதுவாகக் குறைவு. சார்ல்ஸ்டன் தீபகற்பத்துக்குள் ஈஸ்டர் வாரத்தில் விடுதி அறைகள் விலை மிக அதிகம். ஆற்றைக் கடந்து மவுண்ட் பிளெசன்ட்டில் தங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் காரில் வந்து நிறுத்துமிடம் தேட நேர்ந்தால் மாலை நடையின் இன்பம் போய்விடும். சார்ல்ஸ்டனில் தீபகற்பத்துக்குள் தங்கப் பணம் போதாது எனில், அதே தொகையில் சவானாவின் சதுக்கங்களுக்கு நடுவே ஒரு பழைய விடுதியில் தங்குவதே மேலானது. அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்குச் சுமார் நான்கு மணி நேரம், சார்ல்ஸ்டனுக்கு ஐந்து. ஷார்லட்டிலிருந்து புறப்படுவோருக்குக் கணக்கு மாறும்: சார்ல்ஸ்டன் மூன்றரை மணி, சவானா நான்கு.

வெயில் இரண்டிலும் இதமாகவே இருக்கும். ஏப்ரலில் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். கடல்நீர் மட்டும் இன்னும் குளிரும் என்பதால், சவானாவுக்கு அருகிலுள்ள டைபீ தீவையோ சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள சல்லிவன் தீவையோ நீராட எண்ணிச் செல்லாமல் நடக்க எண்ணிச் செல்லுங்கள். ஒவ்வாமையோ இழைப்போ உள்ளவர்கள் மகரந்தத்தை மனதில் கொள்ள வேண்டும். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் பைன், ஓக் மகரந்தம் கார்களின்மேல் மஞ்சள் தூளாகப் படியும், மருந்தில்லாமல் செல்லக்கூடாது. சார்ல்ஸ்டனில் மழையில்லாத நாளிலும் கடலேற்றத்தால் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குவதுண்டு. கூப்பர் ஆற்றுப் பாலத்தின்மேல் ஏப்ரல் தொடக்கத்தையொட்டி நடக்கும் பெரிய ஓட்டப் போட்டி உங்கள் தேதிகளோடு மோதுகிறதா என்றும் முன்பே பாருங்கள். அன்று பாலம் மூடப்படும், விடுதிகளும் நிறைந்துவிடும்.

இவ்விரண்டையும் விட்டு வேறு நகரம் தேடுபவர்களுக்காக இரண்டை மட்டும் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸுக்கும் ஈஸ்டர் காலத்துக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. 1788 மார்ச் 21, புனித வெள்ளியன்று ஒரு வீட்டின் வழிபாட்டு மெழுகுவர்த்தியிலிருந்து பரவிய தீ 856 கட்டடங்களை அழித்தது. இன்று பிரெஞ்சு வட்டாரம் என்று அழைக்கப்படும் பகுதியில் ஸ்பானியர் காலக் கட்டடக்கலை மேலோங்கியிருப்பதற்கு அந்தத் தீயும் 1794இல் மூண்ட தீயும் முதன்மைக் காரணங்கள். பெரிய வியாழனன்று பல கீரைகள் சேர்த்து ஆக்கும் கும்போ அங்கே ஒரு மரபு. இசையும் இரவும் விரும்பும் இணையருக்கு அது ஏற்ற நகரம். அமைதி நாடுவோருக்கு அன்று.

மற்றொன்று, வட கரோலினாவின் வின்ஸ்டன்–சேலத்திலுள்ள பழைய சேலம். மொராவியச் சபையினர் 1766இல் நிறுவிய அவ்வூரில் 1772 முதல் ஈஸ்டர் விடியல் ஆராதனை நடந்துவருகிறது. முந்தைய இரவு முழுவதும் பித்தளைக் கருவிக் குழுவினர் நகரெங்கும் வாசித்துச் செல்வார்கள். விடியுமுன் ஆலயத்தின் முன் கூடும் மக்கள், ஏழை பணக்காரர் வேறுபாடின்றி ஒரே அளவில் பதித்த வெண்கற்கள் கொண்ட கல்லறைத் தோட்டத்துக்கு அணிவகுத்துச் செல்வார்கள். ஈஸ்டர் வழிபாடே உங்கள் பயணத்தின் நோக்கம் என்றால், சவானா, சார்ல்ஸ்டன் இரண்டையும் ஒதுக்கிவிட்டு இங்கே செல்லுங்கள் என்றே சொல்வேன். ஆனால் மூன்று நாட்களை நிரப்பும் அளவுக்கு அவ்வூர் பெரிதன்று. ஓர் இரவு போதும்.

சவானாவும் சார்ல்ஸ்டனும் இரண்டுமே வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், மூன்று இரவுகளை இரண்டாகப் பிரிக்காதீர்கள். பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் ஒரு பகல் வீணாகிவிடும். ஐந்து இரவுகள் இருந்தால் முதல் மூன்றைச் சார்ல்ஸ்டனுக்கும் கடைசி இரண்டைச் சவானாவுக்கும் கொடுங்கள். பார்க்க வேண்டியவை மிகுந்த நகரம் முன்னாலும் இளைப்பாற ஏற்ற நகரம் பின்னாலும் வருவது நல்லது. இரு நகரங்களையும் ஆம்ட்ராக் தொடர்வண்டியும் இணைக்கிறது. நிலையங்கள் பழைய நகரங்களுக்கு வெளியே இருப்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முடிவு எதுவாயினும் முதலில் அறையையும், அடுத்ததாக ஈஸ்டர் ஞாயிறு மதிய உணவுக்கான இடத்தையும் பதிவு செய்யுங்கள். ஆராதனை முடிந்து குடும்பங்கள் ஒன்றாக உணவகங்களுக்கு வரும் நாள் அது. சிறிய உணவகங்கள் பல அன்று மூடியிருக்கும், திறந்திருப்பவை வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அருங்காட்சியகங்களையும் வீட்டுச் சுற்றுலாக்களையும் வெள்ளி, சனி நாட்களிலேயே முடித்துக்கொண்டு, ஞாயிறு பிற்பகலைத் திறந்தவெளிக்கு விட்டுவிடுங்கள். சவானாவில் அது ஃபோர்சைத் பூங்காவாகவும், சார்ல்ஸ்டனில் இரு ஆறுகள் கூடும் முனையிலுள்ள ஒயிட் பாயின்ட் தோட்டமாகவும் இருக்கலாம்.